லுச்சேரா: ஒரு குன்றூரும் அதன் மறைந்த மக்களும்

முன்னுரை

இத்தாலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன உரோமாபுரியும் வெனிசும் புளோரன்சும் ஆகும். அந்நாட்டின் தென்பகுதிக்குச் செல்வோர் சிலரே. தென்பகுதியிலும் உள்நாட்டுக் குன்றூர்களை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. அத்தகைய குன்றூர்களுள் ஒன்று லுச்சேரா. அபூலியா மாநிலத்தில், போஜ்ஜா நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியை நோக்கியவாறு அமைந்துள்ள இவ்வூர், ஏறத்தாழ முப்பதாயிரம் மக்கள் வாழும் அமைதியான சிறு நகரமாகும்.

இவ்வூருக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டில், கிறித்தவ ஐரோப்பாவின் நடுவே, போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதிக்கு அண்மையில், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இது முஸ்லிம்களின் நகரமாக விளங்கிற்று. 1300ஆம் ஆண்டில் அம்மக்கள் ஒருசேர அகற்றப்பட்டனர். அவர்கள் அங்கு எவ்வாறு வந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர், ஏன் மறைந்தனர், அவர்களைப் பற்றி இன்று நாம் அறிவது எதனால் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அமைவிடமும் தொன்மையும்

லுச்சேரா மூன்று குன்றுகளின்மேல் அமைந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 220 மீட்டரே. எனினும் அதனைச் சூழ்ந்த தாவோலியெரே சமவெளி தட்டையாக விரிந்து கிடப்பதால், கோட்டைக் குன்றின்மேல் நிற்பவருக்கு நெடுந்தொலைவு கண்ணுக்கு எட்டும். கிழக்கே கோதுமை வயல்கள். வடகிழக்கே கர்கானோ மலைத்தொகுதி. மேற்கே தவுனிய மலைகள். படையெடுத்து வருவோரை வெகு தொலைவிலேயே கண்டுகொள்ள வல்ல இவ்விடத்தை அரசர் பலரும் விரும்பியதில் வியப்பில்லை.

அவ்விருப்பமே இவ்வூரின் துன்பங்களுக்கும் காரணமாயிற்று. உரோமர்க்கும் சாம்னியர்க்கும் இடையே நடந்த நீண்ட போர்களில் லுச்சேரா கைமாறிக்கொண்டே இருந்தது. கி.மு. 314இல் உரோமர் இதனை மீட்டபோது, அங்கிருந்தோர் அனைவரும் கொல்லப்பட்டனர் என்றும், ஊரையே தரைமட்டமாக்கிவிடலாமா என்று உரோமானிய மன்றத்தில் வாதம் நிகழ்ந்தது என்றும், இறுதியில் 2,500 குடியேற்றக்காரர்களை அனுப்பி ஊரைக் காப்பதென முடிவாயிற்று என்றும் வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் எழுந்த வட்டரங்கு இன்றும் ஊரின் ஓரத்தில் காணப்படுகிறது. மார்க்கஸ் வெசிலியஸ் காம்பஸ் என்னும் உள்ளூர்ப் பெருமகன் தம் சொந்தச் செலவில் அதனைக் கட்டியதை அதன் வாயிற் கல்வெட்டு தெரிவிக்கிறது. மண்ணுள் புதைந்து கிடந்த அவ்வரங்கு 1932 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்டது.

கி.பி. 663இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் இவ்வூரைத் தாக்கி அழித்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் லுச்சேரா பழைய சிறப்பை எய்தவில்லை. மக்கள்தொகை குன்றிய அவ்வூருக்குப் புதிய குடிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் இரண்டாம் பிரெடரிக் என்னும் பேரரசர் ஆவார்.

சிசிலியிலிருந்து வந்தோர்

சிசிலித் தீவில் முஸ்லிம் ஆட்சி கி.பி. 827இல் தொடங்கிய படையெடுப்பின் விளைவாகப் படிப்படியாக நிலைபெற்றது. 1061 முதல் 1091 வரை நடந்த போர்களில் நார்மானியர் அத்தீவைக் கைப்பற்றினர். நார்மானிய மன்னர்கள் முஸ்லிம்களை உடனே வெளியேற்றிவிடவில்லை. அரபுமொழி அரசவையில் வழங்கிற்று. புவியியல் அறிஞர் அல் இத்ரீசி தம் பெருநூலை 1154இல் மன்னர் இரண்டாம் ரோஜருக்காகவே இயற்றினார். ஆனால் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. நிலங்கள் பறிபோயின, கலகங்கள் மூண்டன, முஸ்லிம்கள் மேற்குச் சிசிலியின் மலைகளில் ஒதுங்கி அரசை எதிர்த்தனர்.

பேரரசர் இரண்டாம் பிரெடரிக் (1194–1250) 1220களில் அவ்வெதிர்ப்பைக் கடுமையாக அடக்கினார். அடக்கப்பட்டோரைத் தீவிலேயே விட்டுவைத்தால் கலகம் மீண்டும் எழும் எனக் கருதிய அவர், அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கடல் கடத்தி லுச்சேராவில் குடியமர்த்தினார். 1223 அளவில் தொடங்கிய இப்பெயர்ப்பு 1246ஆம் ஆண்டையொட்டி முடிவுற்றது. பெயர்க்கப்பட்டோர் பதினையாயிரம் முதல் இருபதாயிரம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

பிரெடரிக் அரபு அறிவியலைப் போற்றியவர். முஸ்லிம் அறிஞர்களுக்கு மெய்யியல் வினாக்களை எழுதியனுப்பி விடை வேண்டியவர். 1229இல் எகிப்திய சுல்தான் அல் காமிலோடு உடன்படிக்கை செய்து, போரின்றி ஜெருசலேமைப் பெற்றவர். ஆதலின் லுச்சேராவை அவருடைய சமயப் பொறையின் சின்னமாகப் போற்றுவோர் உளர். இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. லுச்சேராவின் முஸ்லிம்கள் தாமே விரும்பிக் குடிபெயர்ந்தவர் அல்லர். பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள். அவர்களுக்கு அங்கே சமய உரிமை கிடைத்தது உண்மை. அவ்வுரிமை எதன்மேல் நின்றது என்பதே நாம் கருதவேண்டிய வினா.

பேரரசரின் தேவை

பிரெடரிக்குக்கும் போப்பாண்டவருக்கும் இடையே இருந்த பகை உலகறிந்தது. 1227இலும் 1239இலும் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1245இல் லியோன் பேரவை அவரைப் பதவியிழந்தவராக அறிவித்தது. விலக்கப்பட்ட மன்னருக்குப் பணிய வேண்டியதில்லை என்பது அக்காலத் திருச்சபையின் கொள்கை. கிறித்தவ வீரர் பலரின் உறுதியை இக்கட்டளை அசைக்க வல்லது. லுச்சேராவின் வில்லாளர்களை அஃது எவ்வகையிலும் அசைக்கவில்லை. போப்பாண்டவரின் ஆணை அவர்களைக் கட்டுப்படுத்தாது. சுற்றிலும் பிற சமயத்தார் வாழும் நாட்டில் பேரரசரையன்றி அவர்களுக்கு வேறு துணையும் இல்லை. 1237இல் கோர்த்தெனுவோவாப் போரில் அவர்கள் பேரரசரின் படையில் நின்று போரிட்டனர்.

போர்த்தொழில் மட்டுமே அவர்களுடைய வாழ்வு என்று கருதிவிடலாகாது. அவர்கள் உழுதனர், கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்தனர். படைக்கலம் செய்வோர், தச்சர், நெசவாளர், கூடாரம் தைப்போர் ஆகியோர் அவர்களிடையே இருந்தனர். அரசரின் வேட்டைச் சிறுத்தைகளைப் பேணியோரும் அவர்களே. பள்ளிவாசல்களும், வழக்குகளைத் தீர்க்கக் காஜியும் அவர்களுக்கு இருந்தன.

அவர்கள் செலுத்திய வரிகளுள் ஒன்றன் பெயர் அக்கால இலத்தீன் ஆவணங்களில் ‘ஜெசியா’ என்னும் வடிவில் காணப்படுகிறது. இஃது அரபுமொழியின் ‘ஜிஸ்யா’ என்னும் சொல்லே. முஸ்லிம் ஆட்சியில் பிற சமயத்தார் பாதுகாப்புக்காகச் செலுத்திய வரியின் பெயர், ஆட்சி மாறியபின் முஸ்லிம்கள் கிறித்தவ மன்னருக்குச் செலுத்தும் வரிக்குப் பெயராயிற்று. அரசுகள் மாறினும் அலுவலகச் சொற்கள் எளிதில் மாறுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. மற்றொரு மொழிச்செய்தியும் கருதத்தக்கது. லுச்சேராவில் சமயப் பரப்புரை செய்யத் துறவியரை அனுமதிக்குமாறு 1233இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகோரி பேரரசருக்குக் கடிதம் எழுதினார். அம்மக்கள் இத்தாலிய மொழியை நன்கு புரிந்துகொள்கின்றனர் என்று அக்கடிதம் குறிப்பிடுகிறது. எனவே இரண்டு மொழிகளில் வாழ்ந்த மக்கள் அவர்கள் என்பது புலனாகிறது.

இப்னு வாசில் தரும் செய்தி

பிரெடரிக்கின் மறைவுக்குப் பின் அவர் மகன் மான்பிரெட் 1254இல் பகைவரால் நெருக்குண்டபோது அடைக்கலம் புகுந்த இடம் லுச்சேராவே. அங்கே கிடைத்த படையும் பொருளும் கொண்டே அவர் மீண்டெழுந்து, 1258இல் முடிசூடினார்.

1261இல் எகிப்தின் சுல்தான் பைபர்ஸ், மான்பிரெட் அவைக்கு ஒரு தூதரை அனுப்பினார். அவர் சிரியாவின் ஹமா நகரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஜமாலுத்தீன் இப்னு வாசில். தாம் தங்கியிருந்த இடத்திற்கு அண்மையில் லுச்சேரா என்றொரு நகரம் உண்டென்றும், அதன் மக்கள் அனைவரும் சிசிலியிலிருந்து வந்த முஸ்லிம்கள் என்றும், அங்கே ஜும்ஆத் தொழுகை நடைபெறுகிறது என்றும், இஸ்லாமியக் கடமைகள் வெளிப்படையாக நிறைவேற்றப்படுகின்றன என்றும் அவர் எழுதிவைத்தார். மன்னரின் பாசறையிலேயே பாங்கோசை கேட்டதையும் குறிப்பிட்டார். மெய்யியல் முதலிய கலைகளைப் பயில்வதற்கென அந்நகரில் ஓர் அறிவகத்தைக் கட்ட மான்பிரெட் தொடங்கியிருந்தார் என்பதும் அவர் தரும் செய்தியாகும்.

லுச்சேரா முஸ்லிம்களின் வாழ்வை நேரடிச் செய்தியாகக் கூறும் முஸ்லிம் எழுத்தாளர்களுள் இப்னு வாசில் முதன்மையானவர். அந்நகர மக்களே எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. இக்குறையை நினைவிற்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

கோட்டையின் இரு முகங்கள்

1266இல் பெனவெந்தோப் போரில் மான்பிரெட் வீழ்ந்தார். பிரெஞ்சு அரசமரபைச் சேர்ந்த ஆஞ்சூ சார்லஸ் நாட்டைக் கைப்பற்றினார். 1268இல் பழைய மரபின் கடைசி இளவரசர் கொன்ராதின் உரிமை கோரி வந்தபோது லுச்சேரா அவர் பக்கம் எழுந்தது. கொன்ராதின் தோற்றுக் கொல்லப்பட்ட பின்னரும் நகரம் பணியவில்லை. நீண்ட முற்றுகையின் இறுதியில், உணவற்றுப் போனமையால், 1269 ஆகஸ்டில் அது பணிந்தது.

சார்லஸ் அம்மக்களை அழித்துவிடவில்லை. அவர்களுடைய வரியும் வில்லும் உழைப்பும் அவருக்கும் தேவைப்பட்டன. ஆயினும் அவர்களை நம்பவும் இல்லை. பிரெடரிக் 1233 அளவில் குன்றின்மேல் எழுப்பிய அரண்மனையைச் சூழ்ந்து, ஏறத்தாழ 900 மீட்டர்ச் சுற்றளவில் 24 கோபுரங்களுடன் ஒரு பெருமதிலைக் கட்டுவித்தார். 1269இல் தொடங்கிய அப்பணி 1283இல் நிறைவுற்றது. உள்ளே புரோவான்சு நாட்டுக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன.

இன்று லுச்சேரா செல்வோர் முதலில் காணவேண்டியது இக்கோட்டையே. அதன் கிழக்குப் பக்கத்தைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஆழ்ந்த அகழியும், சிங்கம், பெண்சிங்கம் எனப் பெயர் பெற்ற பெரிய வட்டக் கோபுரங்களும் அமைந்திருப்பது அப்பக்கத்தில்தான். அது நகரை நோக்கிய பக்கமாகும். குன்றின் ஏனைய பக்கங்கள் இயல்பாகவே செங்குத்தானவை. நகரோடு இணையும் பக்கமே எளிதில் அணுகத்தக்கது என்பது இதற்குரிய கட்டடக் காரணம். எனினும், மதிலுக்குள் புதுக்குடிகளையும் மதிலுக்கு வெளியே முஸ்லிம் நகரையும் வைத்த மன்னருக்கு, வெளிப்பகைவரைத் தடுப்பதோடு நகரைக் கண்காணிப்பதும் நோக்கமாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

பிரெடரிக்கின் அரண்மனையில் இன்று அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. 1778இல் பிரெஞ்சு ஓவியர் தெப்ரே அதன் இடிபாடுகளை வரைந்தார். அந்நூற்றாண்டிலேயே அதன் கற்கள் வேறு கட்டடத்திற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரண்மனை எவ்வாறு இருந்தது என்பதை ஆய்வாளர் அறிய அவ்வோவியமே பெருந்துணையாக உள்ளது.

1300ஆம் ஆண்டு

முதலாம் சார்லசின் மகன் இரண்டாம் சார்லஸ் 1300 ஆகஸ்டில் லுச்சேராவின் முஸ்லிம் குடியிருப்பைக் கலைக்க ஆணையிட்டார். அரசின் உயர்நிதி அலுவலரான ஜொவான்னி பிப்பீனோ அப்பணியை முன்னின்று முடித்தார். மக்கள் கைது செய்யப்பட்டு, பல ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அடிமைகளாக விற்கப்பட்டனர். வீடும் நிலமும் தானியமும் கால்நடையும் அரசுக்குச் சேர்ந்தன. வழியிற் கொள்ளையிடப்பட்டோரும் கொல்லப்பட்டோரும் உண்டு. மதம் மாறிய சிலர் தப்பினர். நகரின் பெயர் ‘புனித மரியாவின் நகரம்’ என மாற்றப்பட்டது. புதிய கிறித்தவக் குடிகள் வரவழைக்கப்பட்டனர்.

இச்செயலுக்குக் காரணம் யாது? தம் அரசாணைகளில் மன்னர் சமயக் காரணத்தையே முன்வைத்தார். அவர் சமயப் பற்று மிக்கவர். 1289இல் ஆஞ்சூ, மேன் ஆகிய தம் பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளிலிருந்து யூதர்களை வெளியேற்றியவரும் அவரே. பொருட்காரணத்தைச் சுட்டுவோரும் உளர். 1282இல் சிசிலியில் மூண்ட கிளர்ச்சிப் போர் 1302 வரை நீடித்தது. அப்போரினால் அரசு கடனில் மூழ்கியிருந்தது. வளமான ஒரு நகரின் முழு உடைமையும், அதன் மக்களின் விற்பனை விலையும் கருவூலத்திற்கு உடனடி வரவாகும். இவ்விரு காரணங்களுள் ஒன்றை மட்டும் கொண்டு மற்றதைத் தள்ளவேண்டுவதில்லை. சமயம் அச்செயலுக்கு நியாயம் கற்பித்தது. கடன் அதனை விரைவுபடுத்தியது எனலாம்.

பிரெடரிக்குக்குத் தேவையாயிருந்த வரையில் அம்மக்கள் காக்கப்பட்டனர். முதலாம் சார்லசுக்கு அவர்களுடைய வரி தேவைப்பட்டது, அதுவரையும் காக்கப்பட்டனர். அவர்கள் வாழ்ந்து தரும் வரியைவிட, அவர்களை விற்று வரும் பணம் பெரிதென ஓர் அரசு எண்ணியபோது காவல் நீங்கிற்று. உரிமை சட்டத்தின்மேலோ அண்டை மக்களின் நல்லுறவின்மேலோ நில்லாமல், ஆள்வோரின் தேவை ஒன்றன்மேல் நிற்குமாயின், அத்தேவையின் ஆயுளே அவ்வுரிமைக்கும் ஆயுள் என்பதை லுச்சேரா தெளிவாகக் காட்டுகிறது.

அந்த 1300ஆம் ஆண்டுதான் போப்பாண்டவர் எட்டாம் போனிபேஸ் முதல் யூபிலி ஆண்டை உரோமாபுரியில் கொண்டாடினார். கவிஞர் தாந்தே தம் பெருங்காப்பியத்தின் மறுவுலகப் பயணம் நிகழ்ந்ததாக அமைத்துக்கொண்டதும் அவ்வாண்டே. அக்காப்பியத்தில் பிரெடரிக் நரகத்திலும், மான்பிரெட் கழுவாய் மலையிலும் இடம்பெறுகின்றனர்.

இன்று காண்பன

பேராலயம் நகரின் நடுவே உள்ளது. இரண்டாம் சார்லஸ் 1300க்குப் பின் எழுப்பிய இது விண்ணேற்பு அன்னை மரியாவுக்கு உரியது. சமச்சீரற்ற முகப்பும் மூன்று வாயில்களும் கொண்ட இப்பிரெஞ்சுப் பாணிக் கட்டடம் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்தது என்பது மரபுவழிச் செய்தி. ஆகஸ்டு நடுவில் வரும் மரியன்னை விழாவே இன்றும் நகரின் பெருவிழாவாகும். நகர அருங்காட்சியகத்தில் உரோமானியப் பொருள்களோடு இடைக்கால மட்பாண்டங்களும் காட்சிக்கு உள்ளன. நண்பகலுக்குப் பின் கடைகள் அடைக்கப்பட்டுத் தெருக்கள் வெறிச்சோடும். மாலையில் முதியோரும் இளையோரும் பேராலயச் சதுக்கத்தில் உலாவுவர். தொழுகைக்கென எழுந்த பள்ளிவாசல்களில் ஒன்றும் அங்கு நிற்கவில்லை.

லுச்சேராவுக்குத் தென்மேற்கே மலைகளில் பாயெத்தோ, செல்லே சான் வீத்தோ என இரு சிற்றூர்கள் உள்ளன. ஆஞ்சூ மன்னர் அனுப்பிய வீரர்களின் வழியினர் தாங்கள் என்பது அம்மக்களின் மரபு. பிரெஞ்சு மொழியோடு உறவுடைய தனி மொழி ஒன்றை அவர்கள் இன்றும் பேசுகின்றனர். இத்தாலிய அரசு 1999இல் இயற்றிய சிறுபான்மை மொழிச் சட்டம் அம்மொழிக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. சில நூறு பேர் பேசினும், பேசுவோர் ஓரிடத்தில் கூடி வாழ இடங்கொடுத்தால் ஒரு மொழி எழுநூறு ஆண்டுகள் வாழும். லுச்சேராவின் அரபுமொழி பேசியோர் பலர். ஆனால் தாயும் மகளும் அண்டை வீட்டாரும் வெவ்வேறு ஊர்களின் சந்தைகளில் விற்கப்பட்டபின், அம்மொழிக்குப் பேசுமிடம் இல்லாமற் போயிற்று.

ஏடுகள் காத்தவை

1300இல் நடந்தவற்றை நாம் விரிவாக அறிவது எங்ஙனம்? விற்றவர்கள் எழுதிவைத்த கணக்குகளாலேயே ஆகும். யாரை எவ்வூருக்குக் கொண்டுசெல்வது, பறித்த தானியத்தை என்ன செய்வது, ஓடி ஒளிந்தோரை எவ்வாறு தேடுவது என்பன பற்றிய அரசாணைகள் நேப்பிள்ஸ் நகர ஆவணக் காப்பகத்தின் ஆஞ்சூப் பதிவேடுகளில் இருந்தன. பியெத்ரோ எஜீதி என்னும் இத்தாலிய அறிஞர் அவற்றைத் தேடிப் படித்தார். லுச்சேரா முஸ்லிம்கள் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து 1917இல் நூலாக வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது அப்பதிவேடுகள் பாதுகாப்புக் கருதி நோலாவுக்கு அண்மையிலுள்ள ஒரு மாளிகைக்கு மாற்றப்பட்டன. 1943 செப்டம்பர் 30ஆம் நாள் ஜெர்மானியப் படையினர் அம்மாளிகைக்குத் தீ வைத்தனர். நூற்றாண்டுகளைக் கடந்து வந்த பதிவேடுகள் ஒரே நாளில் சாம்பலாயின. எஜீதி 1929இலேயே மறைந்துவிட்டார். தம் படிகள் மூலத்திற்கு ஈடாக நிற்கப்போகின்றன என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. பின்வந்த ஆய்வாளர் யாவரும் அவருடைய தொகுப்பின்மேல் நின்றே இம்மக்களின் வரலாற்றை எழுதி வருகின்றனர். ஜூலி டெய்லர் 2003இல் வெளியிட்ட விரிவான நூலும் அத்தொகுப்புக்குக் கடன்பட்டதே.

முடிவுரை

லுச்சேரா மூன்று முறை தன் மக்களை இழந்த ஊர். கி.மு. 314, கி.பி. 663, கி.பி. 1300 என்னும் மூன்று ஆண்டுகளிலும் குன்று அங்கேயே இருந்தது. ஊர்ப்பெயரும் ஏறத்தாழ அதுவாகவே மீண்டது. மாறியவர்கள் மக்களே. பயணம் செய்வோர் கல்லையும் மதிலையும் கண்டு வியந்து திரும்புவது இயல்பு. லுச்சேராவில் அது போதாது. அங்கு நிற்கும் மதில் வென்றவர் கட்டியது. பேராலயம் விற்றவர் கட்டியது. அங்கு வாழ்ந்து வரி செலுத்தி, உழுது, நெய்து, தொழுது, பின் விலைபோன மக்களுக்கு அவ்வூரில் நிற்கும் கட்டடம் எதுவும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியவை இப்னு வாசில் எழுதிய சில வரிகளும், எஜீதி படியெடுத்த ஆணைகளுமே.

ஆதலின் அவ்வூரைக் காண விழைவோர் இவற்றைப் படித்தபின் செல்வது நலம். அவ்வாறு படித்துச் செல்வோர்க்கே, கோட்டையின் கிழக்கு மதிலருகே நின்று நகரை நோக்கும்போது, அகழிக்கு அப்பால் ஒரு காலத்தில் பாங்கோசை எழுந்த தெருக்கள் எவை என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும்.